ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு

இருங்கம்மா, பட்டனை அமுக்கிராதிய. ஒரு நிமிசம். டீ ஆறுது பாருங்க, மொதல்ல அதைக் குடிங்க. மக்ரூன் எடுத்துக்கிடுங்க. தூத்துக்குடி வரைக்கும் வந்துட்டு மக்ரூன் திங்காமப் போனா என்னையத்தான் ஏசுவாங்க. கிளாஸ்கோவுல இதெல்லாம் கிடைக்காதுல்லா? அம்புட்டு தூரத்துல இருந்தும் தமிழ் மறக்கல பாருங்க நீங்க.

நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சிட்டு. பழைய கேசட்டு, டேப்பு நைஞ்சு போயிருக்கு, வேகமா ஓட்டி விட்டா அறுந்துரும். ஆரம்பத்துல இருந்து அது போக்குல ஓடணும். அதானே? நான் என்ன கேக்கேன்னா, உங்களுக்கு வேண்டியது கடைசி ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுதான். அதுதான் பாட்டு. அதுக்கு முன்னாடி இருக்க இருபத்தேழு நிமிசமும் எங்க வீட்ல உள்ளவ பேச்சு. ஜெசிந்தா. அந்தா போட்டோல இருக்கா பாருங்க, அவதான். ரெண்டு வருசம் ஆச்சு அவ போயி. அவ பேச்சு உங்க பாட்டுப் பெட்டிக்கு எதுக்கு? சரி, வேற வழி இல்லன்னா இல்லதான். ஓட விடுவோம். இப்ப வேண்டாம். டீயைக் குடிங்க.

ஹெரிங் ஷெட் பாட்டு அத்தனையும் சேத்து ஒரே பெட்டியாப் போடப் போறாங்க, பழைய ரெக்கார்டிங் யார்ட்டயாவது இருந்தா சொல்லுங்கன்னு நெட்ல பாத்ததும் நாந்தான் மெயில் போட்டேன். எம்பேரைப் பாத்து நம்பலைல்லா நீங்க? மெல்கியோர், தூத்துக்குடி. ஸ்காட்லாந்துல டண்டின்னு ஒரு ஊரு, அங்க நாலு பயலுவ சேந்து பாடின பாட்டுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சிருப்பிய. சொல்லுதேன்.

அபுதாபி பக்கத்துல, கடலுக்குள்ள ஒரு தீவு. எண்ணெய்க் கம்பெனி கேம்ப்பு. நான் அங்க எலக்ட்ரீசியன். தொண்ணூறுல போனேன், கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசத்துல. என்கூட கிரேன் ஓட்டுதவன் டூகல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரன். பனைமரம் கணக்கா ஆளு, மூஞ்சி பூரா செவப்பு. அவன் தம்பி ரோரிதான் ஹெரிங் ஷெட்டுல பாடுதவன். ஹெரிங்னா ஒரு மீனு, நம்ம சாளை மாதிரி. ஹெரிங் ஷெட்டுன்னா மீன் கொட்டகை. மீன் கொட்டகைன்னு ஒருத்தன் பாட்டுக் கோஷ்டிக்குப் பேரு வச்சா, திரேஸ்புரம் கடக்கரையில பொறந்தவனுக்குப் பிடிக்காமலா போவும்?

மொதல் கேசட்டு அவங்க அம்மா வீட்டு அடுக்களையில வச்சுப் பாடிப் பிடிச்சது. கம்பெனி கிடையாது, ஒண்ணு கிடையாது. மொத்தம் பதினாலு கேசட்டு. அட்டையில ரோரியே நீல மையில கைப்பட எழுதுனான். அதுல ஒண்ணை டூகல் எனக்குக் குடுத்தான். ஆறு பாட்டு. இங்கிலீசு எனக்கு அப்ப அரையுங் கொறையும்தான். அவங்க பேசுத இங்கிலீசு டூகலோட மேனேஜருக்கே புரியாது. ஆனா அந்த ஆறாவது பாட்டு இருக்கே! கிடார் நின்னு போயிரும், கடைசில அவன் தொண்டை மட்டும் தனியா வரும். கூட்டத்துல கையை விட்டுட்ட ஆளைத் தேடுத மாதிரி இருக்கும். அதைக் கேட்ட அன்னைக்கு நான் பங்க் பெட்டுல படுத்துக்கிட்டு அழுதேன். இதை யார்ட்டயும் சொன்னதில்ல.

அன்னையில இருந்து அவங்க போட்டதை ஒண்ணு விடாமச் சேத்தேன். இந்தா நோட்டு. பாருங்க, நம்பர் போட்டு, வருசம் போட்டு, எந்தப் பக்கம் எத்தனை பாட்டுன்னு. மொத்தம் பன்னெண்டு. உங்க லிஸ்ட்டுல பதினொண்ணுதானே இருக்கு? நான்தான் சொன்னேன்லா. "கோல்ட் கெட்டில்", நாலு பாட்டு, தொண்ணூத்தி ரெண்டு. "சிக்ஸ் வெட் சண்டேஸ்", அதுதான் மொதல் பெரிய ஆல்பம், தொண்ணூத்தி மூணு. ஆறு நனைஞ்ச ஞாயித்துக்கிழமைன்னு அர்த்தம். அங்க வருசத்துல மிச்சம் நாப்பத்தாறும் நனைஞ்சதுதான்னு டூகல் சொல்லிச் சிரிப்பான்.

ரெக்கார்டு எல்லாம் அவன் லீவுக்குப் போயிட்டு வரும்போது கொண்டாருவான். நான் அவன் ரூம்ல வச்சு கேசட்டுல பிடிச்சுக்கிடுவேன். என்னது? கேசட்டுக்கு எங்க போவேனா? அது ஒரு பிரச்சினையே இல்ல. அதான் மாசத்துக்கு ஒண்ணு வீட்ல இருந்து வந்துருமே.

உங்களுக்கு அந்தக் காலம் தெரியாதுல்லா. அப்ப எங்க வீட்ல போன் கிடையாது. கடுதாசி எழுதினா நாலு வரியில முடிஞ்சு போவும். அதனால எல்லா வீட்லயும் பொம்பளையாளுவ கேசட்டுல பேசி, லீவு முடிஞ்சு திரும்புதவன் கையில குடுத்து விடுவாங்க. நாங்களும் சிலதுமேல பேசித் திருப்பி அனுப்புவோம். ஜெசி கேசட்டு மாசம் தவறாம வரும். அவளுக்குப் பேச அலுக்காது. வீட்டு ஓடு மாத்துனது, வலை ஏலம் போனது, புள்ளைக்குப் பல்லு முளைச்சது, கோயில்ல யாரு யாருகூட சண்டை எல்லாம் வரும். கோயில் பாடகர் குழுவுல அவ பாடுவா, அதனால நடுவுல பாட்டு வேற. நான் ஒரு தடவ கேட்டுருவேன். இல்லன்னு சொல்லல, கேட்டுருவேன். கேட்டப்புறம் அது சும்மாதானே கிடக்கும்? நல்ல டிடிகே கேசட்டு. அதுமேல பாட்டைப் பிடிச்சுக்கிடுவேன்.

எல்லாரும் செய்ததுதாம்மா. நான் மட்டுமா செஞ்சேன்? கேம்ப்புல ஆளுக்கு ஆளு அதுமேல சினிமாப் பாட்டு பிடிச்சுக்கிட்டான். நான் ஹெரிங் ஷெட் பிடிச்சேன்.

இந்தா, ரெண்டாம் நம்பர்ல இருந்து பத்தாம் நம்பர் வரைக்கும் ஒம்பதும் அப்படிப் பிடிச்சதுதான். ஒரு பாட்டு முடிஞ்சு நிறுத்தி அடுத்ததுக்கு போடும்போது நடுவுல பழசு ரெண்டு செகண்டு தங்கிரும். "கோல்ட் கெட்டில்"ல ரெண்டாவது பாட்டுக்கு முன்னாடி "புள்ளைக்கி"ன்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், உடனே டிரம்மு. எனக்கு அது ஒரு இடைஞ்சலாத்தான் இருந்துச்சு அப்ப.

ஆனா இந்தா உங்க முன்னால இருக்கே, இந்த ஒண்ணாம் நம்பரு, இது ஒரிஜினல். ரோரி கையெழுத்து. கேம்ப்புல மண்ணு, உப்புக் காத்து, கெட்டுப் போயிரும்னு தொண்ணூத்தி நாலு லீவுல வீட்டுக்குக் கொண்டாந்தேன். மத்ததையும் கொண்டாந்தேன். அந்த லீவு ரெண்டு மாசமும் இந்த ஒண்ணைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். பின்னாடி ரெண்டு முனையிலயும் சின்னத் தகடு இருக்கும்லா, அதை ஒடிச்சிட்டா மேல எதுவும் பிடிக்க முடியாது. ஒடிச்சேன். ஒடிச்சு, பீரோவுல மாதா சொரூபத்துக்குப் பின்னாடி வச்சு, ஜெசியைக் கூப்ட்டுச் சொன்னேன். "இந்தா பாரு. எதை வேணாலும் தொடு, இதைத் தொடாத. இது போச்சுன்னா இனி கிடைக்காது."

"சரிங்க"ன்னா. தலையை ஆட்டிக்கிட்டுத்தான் சொன்னா.

தொண்ணூத்தஞ்சு பிப்ரவரி. ஊர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, பார்சல் குடுத்தாரு. கருவாடு, மக்ரூன், ஒரு கேசட்டு. கேசட்டைப் பாத்தா ரோரி எழுத்து, நீல மை. இது எதுக்கு இங்க வந்துச்சு? திருப்பிப் பாத்தா, நான் ஒடிச்ச ரெண்டு ஓட்டையிலயும் அழகா செலோ டேப்பு ஒட்டியிருக்கு. ஓட்டையை அடைச்சாப் பழையபடி பிடிக்கலாம்லா. அந்த வித்தையை அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு நினைக்கிய? நான்தான். கல்யாணமான புதுசுல நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

போட்டேன். "என்னங்க, நான்தான்"னா. அவ்வளவுதான் கேட்டேன். நிறுத்திட்டேன்.

அப்புறம் ஓட்டுனேன். ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, எங்கயாவது பாட்டு மிச்சம் இருக்கான்னு. எங்க நிறுத்தினாலும் அவ குரலு. மொத பாட்டு இல்ல, ரெண்டாவது இல்ல. கடைசிக்கு வந்தா, ஆறாவது பாட்டுல பாதிக்கு மேல நிக்கி. வாட்ச்சை வச்சுப் பாத்தேன். ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு. உக்காந்து அழுதேன்மா. உலகத்துல பதினாலு கேசட்டு. அதுல ஒண்ணு என் பெண்டாட்டி வாயால போச்சு.

டூகல்ட்ட போயிச் சொன்னேன். அவனுக்கும் கோவம் வரும்னு நினைச்சேன், தம்பி பாட்டுல்லா. அவன் கேக்கான், "அவங்க என்ன சொல்லியிருக்காங்க?"ன்னு. அட, அதை யாரு கேட்டா, பாட்டு போச்சேன்னேன். அவன் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். அதுக்கப்புறம் அவன் என்கிட்ட முன்ன மாதிரி பழகல. வெள்ளைக்காரன் மனசு நமக்கு எங்க தெரியுது.

நான் ஜெசிக்குக் கடுதாசி போட்டேன். நாலே வரி. "நீ தொடக்கூடாததைத் தொட்டுட்ட. இனி எனக்குக் கேசட்டு அனுப்பாத. உன் பேச்சு எனக்கு வேண்டாம். புள்ளையைப் பாத்துக்க." கோவத்துல எழுதுனதுதாம்மா. எழுதிட்டு அன்னைக்கே போட்டுட்டேன். ஒரு நாள் வச்சிருந்து போட்டிருக்கலாம்.

அது அவ கையில எப்பக் கிடைச்சுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எங்க அண்ணன் எழுதியிருந்தாரு. ஜெசிக்குக் கழுத்துல கட்டி, திருநெல்வேலில ஆப்பரேசன் முடிஞ்சிட்டு, பயப்பட ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரியில இருக்கும்போதே உன் கடுதாசி வந்துச்சு, மூணாவது நாளு, நாந்தான் கொண்டு போயிக் குடுத்தேன், வாசிச்சுட்டுத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டான்னு.

கிறிஸ்மசுக்கு லீவுல வந்தேன். வாசல்ல நிக்கா. "வாங்க"ன்னு வாய் அசையுது, சத்தம் வரல. காத்துதான் வருது. கட்டி நரம்போட ஒட்டியிருந்துச்சாம். உயிருக்காகக் குரலை விட்டாச்சுன்னு டாக்டர் சொன்னாராம். அதுக்கப்புறம் இருபத்தாறு வருசம் அப்படித்தான். அடுக்களைக்குள்ள நின்னு கூப்பிட்டா கூடத்துக்குக் கேக்காது. கரண்டியால சட்டியைத் தட்டுவா. கோயில் பாடகர் குழுவுக்கு அந்த வருசமே போறதை நிறுத்திட்டா. ஞாயித்துக்கிழமை என்கூட கோயிலுக்கு வந்து, ஆம்பளையாளுவ பக்கத்தை ஒட்டி, தூணு ஓரமா உக்காந்திருப்பா. எல்லாரும் பாடும்போது அவ வாயும் அசையும்.

கேசட்டும் அதோட நின்னு போச்சு. பேசுனாத்தானே அனுப்ப. பதினொண்ணாம் நம்பரும் பன்னெண்டாம் நம்பரும் பிடிக்க நானே அபுதாபி போயி வெறுங் கேசட்டு வாங்க வேண்டியதாப் போச்சு.

ஏம்மா, இப்படிப் பாக்கிய? நான் தப்பாச் சொல்லிட்டனா?

அந்த லீவுல ஒரு நாள் கேட்டா. நான் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னு, காதுகிட்ட வந்து, அந்தக் காத்துக் குரல்ல கேட்டா. "கேசட்டைக் கேட்டியளா?"

நான் சொன்னேன், "கேட்டேன், கேட்டேன். ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுதான் மிச்சம்."

அவ துண்டை எடுத்து என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. அதைப் பத்தி அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. சாகுத வரைக்கும் கேக்கல.

நானும் கேக்கல. மொதல்ல கோவம். அப்புறம் கோவம் போயிட்டு, ஆனா இத்தனை வருசம் கழிச்சு எடுத்துப் போட்டா, "அப்பம் நீங்க அன்னைக்கிச் சொன்னது பொய்யா?"ன்னு ஆயிரும்லா. அப்புறம் டேப் ரெக்கார்டர் கெட்டுப் போச்சு. அப்புறம் அவ போயிட்டா.

அடக்கம் முடிஞ்ச மறுநாளு எம்மவ பிரிசி கேக்கா. அவ சென்னையில இருக்கா, டீச்சர். அம்மாவுக்கு ஆப்பரேசன் பண்ணும்போது அவளுக்கு மூணு வயசு. "அப்பா, அம்மா முன்ன நல்லாப் பாடுவாங்களாம்லா, எல்லாரும் சொல்லுதாங்க. அம்மா குரல் எதுலயாவது இருக்கா? கேசட்டு அனுப்புவாங்கன்னு சொன்னியளே"ன்னு. நான் போயி இந்தப் பெட்டியைத் திறந்தேன். ஒம்பது கேசட்டு. ஒம்பதுலயும் ஹெரிங் ஷெட்டு. ஒம்பதையும் கடையில குடுத்து ஓட விட்டுப் பாத்தேன். "புள்ளைக்கி." இன்னொண்ணுல ஒரு இருமல். இன்னொண்ணுல சேவல் கூவுது, எங்க வீட்டுச் சேவல். அவ்வளவுதான். அத்தனை வருசம் அவ பேசுன பேச்சுல அவ்வளவுதான் மிச்சம்.

பிரிசிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். இந்த ஒண்ணு இருக்குன்னு சொல்லல. சொன்னா கேப்பா, "அதுல அம்மா என்ன சொல்லியிருக்காங்க?"ன்னு. நான் என்ன சொல்லுவேன்?

அதனாலதான் உங்களுக்கு மெயில் போட்டேன்னு நினைச்சிராதிய. பாட்டுக்காகத்தான் போட்டேன். ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு, அதுவும் அடுக்களையில பிடிச்சது, வேற எங்கயும் இல்லாதது... என்ன? ரோரிகிட்டயே அந்தப் பாட்டு முழுசா இருக்கா? அடுக்களையில பிடிச்சதேவா? போன மாசமே கிடைச்சிட்டா?

அப்பம் எதுக்கும்மா வந்திய?

ம். மெயில்ல நான் அவளைப் பத்தித்தான் அதிகமா எழுதியிருந்தனா? இருக்கும். எனக்குத் தெரியல.

சரி. அமுக்குங்க. கம்ப்யூட்டர்ல ஏறிரும்லா? ஒரு எழுத்து விடாம? சரி. சத்தத்தைக் கூட்டி வைங்க. எனக்குக் காது மந்தம்.

வருது. பேசாதிய.

"என்னங்க, நான்தான். கோவப்படாதிய. வேற கேசட்டு இல்லாம இல்ல, ரெண்டு புதுசு வாங்கி வச்சிருக்கேன். ஆனா அதுல பேசினா நீங்க ஒரு தடவ கேட்டுட்டு மேல பாட்டு பிடிச்சிருவிய. லீவுல கொண்டாந்தியள்லா, நீங்க போனப்புறம் எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். ஒண்ணுலயும் நான் இல்ல. இதுலன்னா அழிக்க மாட்டிய. அதான்."

நிறுத்தாதிய. இல்லம்மா, தண்ணி வேண்டாம். ஓடட்டும்.

"அடுத்த மாசம் கழுத்துல கத்தி வைக்காங்க. குரல் போனாலும் போவும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொல்லாதீங்கன்னு உங்க அண்ணன்ட்ட நான்தான் சொன்னேன். அங்க தனியா இருந்துக்கிட்டு என்ன செய்விய? குரலு இருக்கும்போதே நாலு வார்த்தை பேசி வச்சிருவோம்னு இருக்கேன். பிரிசி பெரியவளானா அவளுக்கும் போட்டுக் காட்டுங்க."

பாருங்க, எப்படிப் பேசுதா. வெங்கலம் மாதிரி குரலு. நான் மறந்தே போயிட்டேன்மா. இருபத்தெட்டு வருசமா அந்தக் காத்துதான் அவ குரலுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

அது பிரிசி. "அப்பாட்ட பேசு"ன்னு அவ அம்மா சொல்லுதா. சின்னதுல அவ யாருக்கும் மசிய மாட்டா... அம்மாக்காரி பாடுதா. புள்ளையை உறங்கப் போடுத பாட்டு. இது இவளே கட்டுனது. இதை நான் கேட்டதே இல்லயே.

இது என்ன? இது ரோரி பாட்டுல்லா? ஆறாவது. ஜெசி பாடுதா! வார்த்தை ஒண்ணும் அது இல்ல, அவளா என்னமோ சொல்லுதா, ராகம் அப்படியே இருக்கு. "உங்க ஆளு பாட்டு எனக்கும் வரும் பாத்தியளா? அர்த்தம் தெரியாது. யாரையோ தேடுதான்னு மட்டும் தெரியுது." சிரிக்கா. சிரிக்கா பாருங்கம்மா.

ஸ்ஸ்.

"நிறுத்திருதேன். மணி பாத்துத்தான் பேசுனேன். கடைசிப் பாட்டுல அவன் தனியாப் பாடுவான்லா, அந்த இடம் வரும்போது நீங்க கண்ணை மூடிக்கிடுவிய. அதை அழிக்க எனக்கு மனசு வரல. உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கேன். இதைக் கேட்டுட்டுக் கடுதாசி போடுங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். கேட்டேன்னு ஒரு வரி எழுதுனாப் போதும்."

பாட்டு வந்துட்டு.

இல்லம்மா, நிறுத்த வேண்டாம். அவ விட்டு வச்சது, ஓடட்டும். நீங்க அந்தப் போனை எடுங்க, பிரிசி நம்பரைப் போட்டுக் குடுங்க. எனக்கு எழுத்து தெரியல.

கேட்டேன் ஜெசி. இப்பதான் கேட்டேன்.